கலத்துக்குப் போய்ச் சேரும் சொல்

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வைத்தியர்களை மேடையில் ஏற்றினால் சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றுதான் சொல்வார்கள்" என்று செயலாளர் அக்கா முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். அதனால் இன்று சீனியும் இல்லை, உப்பும் இல்லை. மதியச் சாப்பாட்டை எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். நாங்கள் பேச வந்தது நமது உயிரியல் வகுப்பில் தொடங்கிய ஒரு விடயத்தைப் பற்றி.

அந்த வகுப்பறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்க யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. மறு பக்க யன்னலைத் திறந்தால் சிற்றுண்டிச்சாலை வாசனை. தமிழ்ப் பாடத்தில் 'கலம்' என்றால் மரக்கலம் என்று டீச்சர் சொல்லித் தருவார். அடுத்த பாடவேளையில் உயிரியல் டீச்சர் வந்து, கலம் என்றால் உயிரின் மிகச் சிறிய அலகு என்பார். இரண்டும் ஒரே சொல். பரீட்சைக்கு எது வேண்டும் என்று கேட்டு நாங்கள் ஏச்சு வாங்கியதும் உண்டு.

எங்கள் வகுப்பில் உச்சமுனையிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. உச்சமுனை எங்கே என்று தெரியாத தங்கைமாருக்காகச் சொல்கிறோம்: கற்பிட்டிக்கு வடக்கே, ஒரு பக்கம் களப்பும் மறு பக்கம் பெருங்கடலுமாகக் கிடக்கும் மணல்திட்டில் உள்ள மீனவக் கிராமம். படகில்தான் போகவேண்டும். வாடைக்கு ஒரு வாழ்க்கை, சோளகத்துக்கு ஒரு வாழ்க்கை. அவள் எங்கள் ஊரில் மாமி வீட்டில் தங்கிப் படித்தாள். விடுமுறைக்குப் போய் வரும்போது கருவாடு கொண்டு வருவாள். விடுதிப் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருந்தார்களா, கருவாட்டுக்காகவா என்று இன்றும் சொல்ல முடியாது.

ஒன்பதாம் வகுப்பில், ஒரு சோளகக் காலத்தில், அவள் பாதித் தவணையில் ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவளுடைய தாய்க்கு ஐந்தாவது பிள்ளை வீட்டிலேயே பிறந்ததாம். பிள்ளை நல்ல சுகம். ஆனால் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. இரவு, காற்று, கடல் பொங்கிக் கிடந்தது. விடிந்த பின்புதான் படகை இறக்க முடிந்தது. படகு கற்பிட்டிக் கரையைத் தொடும்போது எல்லாம் முடிந்திருந்தது. பதின்நான்கு வயதில் அவள் நான்கு தம்பி தங்கைமாருக்குத் தாயானாள். அவளுடைய கதிரையில் நாங்கள் நீண்ட நாள் யாரையும் இருக்க விடவில்லை.

அன்று எங்களுக்கு அது விதி. மருத்துவபீடத்துக்குப் போன பிறகுதான் அந்த இரவு அந்தத் தாயின் உடலுக்குள் என்ன நடக்காமல் போனது என்று விளங்கியது. ஒரு சொல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்றைய பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

நமது உடலில் உள்ள கலங்களுக்குக் காது இல்லை, கண்ணும் இல்லை. அவற்றோடு பேச உடல் வைத்திருக்கும் மொழி இரசாயனம். ஒரு சுரப்பி மிகச் சிறிதளவு பதார்த்தத்தைக் குருதியில் விடுகிறது. அது உடலெங்கும் ஓடினாலும், அதற்கென்று 'வாங்கி' வைத்திருக்கும் கலம் மட்டுமே அதை அறிந்துகொள்கிறது. இப்படிப்பட்ட தூதுப் பதார்த்தங்களுக்கு 'ஓமோன்' என்ற பெயரை 1905இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் சூட்டினார். தூண்டிவிடுவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அடுத்த ஆண்டே, 1906இல், ஹென்றி டேல் மாட்டின் கபச்சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டு எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சொல்தான் ஒட்சிடோசின். 'விரைந்த பிறப்பு' என்பது அதன் கிரேக்கப் பொருள்.

அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து தெரியுமா? ஒன்பது அமினோ அமிலங்கள், அவ்வளவுதான். அமெரிக்க இரசாயனவியலாளர் வின்சென்ட் டு விக்னோ அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1953இல் அதை ஆய்வுகூடத்திலேயே தயாரித்துக் காட்டினார். 1955இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதுவரை உடல் மட்டுமே உச்சரித்த ஒரு சொல்லை, மனிதரும் அதே எழுத்துகளில் எழுதி அனுப்ப முடிந்தது. கருப்பைக் கலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மூளையிலிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா என்று அது கேட்பதில்லை.

இனி அந்த இரவுக்கு வருவோம். நிறைமாதத்தில் ஒரு தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் குருதி பாய்கிறது. பிள்ளை பிறந்து, நச்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கும். அவற்றை மூடுவது யார்? தையல் அல்ல, துணி அல்ல. கருப்பையின் தசைக்கலங்கள்தான். அந்தத் தசைநார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. குழாய்கள் அந்தப் பின்னலின் ஊடாக ஓடுகின்றன. வலையின் கயிற்றை இழுத்தால் கண்கள் இறுகுவது போல, தசை சுருங்கியதும் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்கின்றன. 'சுருங்கு' என்று சொல்லும் சொல் ஒட்சிடோசின். அது வாங்கியில் பொருந்தியதும் கலத்துக்குள் கல்சியம் கூடுகிறது, தசை இறுகுகிறது. மிச்சமெல்லாம் கலத்தின் வேலை. எப்படிச் செய்வது என்று யாரும் அதற்குக் கற்பிக்கத் தேவையில்லை.

சொல் கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்தும் தசை களைத்துப் போய்க் கேட்காவிட்டால், கருப்பை மாவு போல் தொய்ந்து கிடக்கும். சில நிமிடங்களில் ஒரு தாய் கைவிட்டுப் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்கள் இறக்கிறார்கள். உச்சமுனையில் இறந்தவர் எங்களுக்கு அந்த எண்களில் ஒன்று அல்ல. தலைவாசலில் நின்று எங்களுக்குக் கை காட்டிய ஒரு தாய்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் எங்கள் வகுப்பினர் படித்ததையும் பட்டதையும் சேர்த்து மூன்று பாடங்களாகச் சொல்லலாம்.

முதலாவது, கேட்பவர் ஆயத்தமாக இருக்கவேண்டும். கருவுற்ற தொடக்கத்தில் கருப்பையில் ஒட்சிடோசின் வாங்கிகள் குறைவு. நாள் நெருங்க நெருங்க அவை பல மடங்கு பெருகுகின்றன. அதே சொல்லை மூன்றாம் மாதத்தில் சொன்னால் பெரிதாகக் கேட்காத கலம், நிறைமாதத்தில் மெல்லச் சொன்னாலே எழுந்து நிற்கிறது. இந்த மேடைக்கு முன்னால் இருக்கும் ஆசிரியைகளுக்கு இது புதிதல்ல. எட்டாம் வகுப்பில் காதில் ஏறாத கணக்கு பத்தாம் வகுப்பில் ஒரு நாள் திடீரென்று ஏறியதில்லையா?

இரண்டாவது, ஓயாமல் கத்தினால் கலம் செவிடாகும். நோவு வரச் செய்வதற்காகப் பல மணி நேரம் ஒட்சிடோசினைத் தொடர்ந்து ஏற்றினால், கலம் தன் வாங்கிகளைக் குறைத்துக்கொள்கிறது. பிள்ளை பிறந்த பின், மிக அவசியமான நேரத்தில் அதே மருந்தைக் கொடுக்கும்போது அது மந்தமாகக் கேட்கலாம். அதனால்தான் பிரசவ அறையில் "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள் டொக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று உறவினர் அவசரப்படுத்தும்போது நாங்கள் தயங்குகிறோம். பிள்ளைகளை ஓயாமல் ஏசும் அம்மாமாரும் இந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம். இதில் எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

மூன்றாவதுதான் எங்களை மிகவும் சுட்ட பாடம். சொல் வழியில் கெட்டுப் போகக்கூடாது. ஒட்சிடோசின் ஊசிமருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் குளிரில் வைக்கவேண்டும். வெப்பத்தில் அது மெல்ல மெல்லச் சிதையும். மீன் கெட்டால் மூக்குக்குத் தெரியும். இந்த மருந்து கெட்டால் நிறம் மாறாது, மணம் வராது. குப்பி தெளிந்த தண்ணீர் போலவே இருக்கும்.

எங்களில் ஒருவர் உள்ளகப் பயிற்சி முடித்த புதிதில் ஒரு சிறிய வைத்தியசாலையில் வேலை செய்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பிரசவ அறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று யன்னலோரத் தட்டில் சில குப்பிகள் எப்போதும் இருக்கும். எத்தனை வாரமாக வெயில்படக் கிடந்தன என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நண்பகல் பிள்ளை பிறந்து, அந்தத் தட்டிலிருந்து ஊசி போட்ட பிறகும் கருப்பை இறுகவில்லை. மருத்துவமாது ஒரு கையால் வயிற்றின் மேல் கருப்பையைத் தேய்த்துக்கொண்டே, மறு கையால் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார். அங்கிருந்து எடுத்த மருந்து, கருப்பையைத் தேய்த்தல், நாளத்தில் ஏற்றிய சேலைன், இரத்தம் எல்லாம் சேர்ந்து அந்தத் தாயைக் காப்பாற்றின. குப்பிதான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்று மாலை அந்தத் தட்டைத் துடைத்து வெறுமையாக்கியபோது எங்களுக்கு உச்சமுனை நினைவு வந்தது. அங்கே சொல்லே போகவில்லை. இங்கே போனது, ஆனால் ஒருவேளை வெறும் தண்ணீராகப் போயிருந்தது.

வெப்பத்தைத் தாங்கும் சொல்லைத் தேடுவது உலகின் வேலையாக இருக்கிறது. மிசோப்ரொஸ்டோல் என்பது வேறு ஒரு வாங்கியைத் தட்டும் குளிகை. அதற்குக் குளிரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இந்தியாவில் கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் அதைப் பரிசோதித்து 2006இல் வெளியிட்டார்கள். துணை மருத்துவமாதர் கொடுத்த அந்தக் குளிகையால், பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கு ஏற்பட்டோர் விகிதம் நூற்றுக்கு 12இலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. ஒட்சிடோசினைச் சற்று மாற்றியமைத்த காபெடோசின் என்ற மருந்தின் வெப்பம் தாங்கும் வடிவத்தை, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் ஒட்சிடோசினோடு ஒப்பிட்டு 2018இல் முடிவு வெளியிட்டார்கள். இரத்தப்போக்கைத் தடுப்பதில் அது பின்தங்கவில்லை. அடுத்த ஆண்டு அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால் தோழியரே, நமது நாடு இந்தப் புதிய மருந்துகளுக்காகக் காத்திருக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லவேண்டும். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950இல் அது சுமார் 550. 2010களில் முப்பதுகளின் அளவில் நின்றது. கொழும்பில் 1879இல் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவும், அதிலிருந்து பரவி ஊருக்கு ஊர் வீடு தேடிப் போன மருத்துவமாதரும் செய்த வேலை இது. மருந்து முன்னேறியது உண்மைதான். அதைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து போனவர்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்போ உயர்தரமோ படித்து, பயிற்சி பெற்று, நமது வயதில் இருந்த பெண்கள். இந்த மண்டபத்தில் அப்படிப்பட்ட அக்காமார் சிலர் இருக்கிறார்கள். நாங்கள் வைத்தியர் என்ற பெயரை வைத்திருக்கிறோம். அவர்கள் வழியை வைத்திருந்தார்கள்.

அவர்கள் அறிந்திருந்த இன்னொரு விடயமும் உண்டு. தாயின் மூளை தானாகவே இந்தச் சொல்லைச் சொல்லும். பிள்ளை முலைக்காம்பைப் பிடித்ததும் செய்தி நரம்பு வழியாகப் பரிவகக்கீழுக்குப் போகிறது. கபச்சுரப்பி ஒட்சிடோசினை விடுகிறது. பால் சுரந்து வெளியே வருகிறது, கருப்பையும் இறுகுகிறது. முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதைத் தாய்மாராகிய நாங்கள் எல்லோரும் அறிவோம். சில தாய்மாருக்குப் பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே பால் கசியும். அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டனும் அவர் கணவர் மைக்கேல் நியூட்டனும் 1948இல் வெளியிட்ட ஆய்வில், பால் கொடுக்கும் தாயின் கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்தும், வேறு வழிகளில் கலங்கச் செய்தும் பார்த்தார்கள். பால் வருவது குறைந்தது. ஒட்சிடோசின் ஊசி போட்டதும் மீண்டும் வந்தது. பயமும் நோவும் அந்தச் சொல்லைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகின்றன. பிள்ளைப்பெற்றவளைச் சுற்றி நின்று, பிள்ளை கறுப்பா சிவப்பா என்றும், ஏன் பெண்பிள்ளை என்றும் பேசும் மாமிமாருக்கு இதை எடுத்துச் சொல்ல நாங்கள் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஆனாலும் பால் கொடுப்பதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் தசையில் போடும் 10 அலகு ஒட்சிடோசின் ஊசி உரிய காவல். அது வைத்தியசாலையில்தான் குளிரோடு, ஆளோடு, இரத்தத்தோடு ஆயத்தமாக இருக்கும்.

சென்ற ஆண்டு நாங்கள் ஆறு பேர் உச்சமுனைக்குப் போனோம். இஞ்சின் படகில், பிளாஸ்டிக் கதிரை போட்டு, தொப்பி போட்டு, பழைய பாட்டெல்லாம் பாடிக்கொண்டு போனோம். கரையில் அவள் நின்றாள். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு அப்படியே இருந்தது. "டொக்டர்மார் வந்திருக்கிறீங்க" என்று வணக்கமாகச் சொன்னாள். ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு, "பைத்தியமே, நாங்க உன்ட வகுப்புப் பிள்ளைகள்" என்று அழுதாள். மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து தேநீர் குடித்தோம்.

அவளுடைய மகளுக்கு அந்த வாரம்தான் பிள்ளை பிறந்திருந்தது, கற்பிட்டி வைத்தியசாலையில். நாளுக்குப் பத்து நாள் முன்னரே, கடல் படுத்திருக்கும்போதே, மகளைக் கற்பிட்டிக்குக் கொண்டு போய் ஒரு உறவினர் வீட்டில் வைத்தாளாம். "எண்ட உம்மாவுக்குப் படகு பிந்திட்டுது. இவளுக்கு முந்தி அனுப்பினேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. வாங்கிகளைப் பற்றியும் கல்சியத்தைப் பற்றியும் நாங்கள் எத்தனை வருடம் படித்தோம்! அதன் முடிவை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும் படகில் நாங்கள் பேசியது இதுதான். எல்லாப் பெண்களுக்கும் கற்பிட்டியில் உறவினர் இல்லை. உறவினர் இருந்தாலும் பத்து நாள் பாரமாக இருக்கக் கூச்சப்படுகிறார்கள். கணவன் கடலுக்குப் போகாமல் கூட இருந்தால் அன்றாடச் செலவு நிற்கிறது. அதனால் நோவு வரும்வரை காத்திருக்கிறார்கள். நோவு வரும் இரவில் காற்றும் வரலாம்.

ஆகவே சங்கத்திடம் எங்கள் வகுப்பின் வேண்டுகோள் ஒன்று. நூற்றாண்டு நிதியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் நினைவுக் கல்லுக்கும் ஒதுக்கியது போக, களப்பின் அக்கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வரும் நிறைமாதத் தாய்மார் தங்க, கற்பிட்டியில் ஓர் அறை வேண்டும். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சாப்பாட்டுக்கும் படகுக் கூலிக்கும் ஒரு சிறு தொகை. கற்பிட்டியில் வசிக்கும் நமது பழைய மாணவியர் மூவர் தங்கள் வீட்டு அறையைத் தரலாம் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பகுதி மருத்துவமாதின் ஆலோசனையோடு யாரை, எப்போது அழைப்பது என்று முடிவு செய்யலாம். லண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் தங்கைமாரே, ஒரு தாயின் பத்து நாள் தங்குமிடத்தை ஒருவர் பொறுப்பேற்கலாம். பணம் இல்லாதவர்கள் உச்சமுனைக்குப் படகோட்டும் ஒரு அண்ணனைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பெரிய உதவிதான்.

ஒரு கலம் இன்னொரு கலத்துக்குச் சொல்லும் சொல் மிகச் சிறியது. குருதியில் அது சில நிமிடங்கள்தான் நிலைக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு வீட்டில் விளக்கு எரியும். அதற்கு வழி செய்வது குளிர்சாதனப் பெட்டியும் படகும் நாமும்தான். தமிழ் டீச்சரும் உயிரியல் டீச்சரும் 'கலம்' என்று சொன்னது இரண்டும் பரீட்சைக்கு வேண்டும் என்று இப்போதுதான் எங்களுக்கு விளங்கியிருக்கிறது.

அவளுடைய பேத்திக்கு ஒரு வயதாகப் போகிறது. அந்தக் கதிரைக்கு உரிமைக்காரி ஒருத்தி இன்னும் ஐந்தாறு வருடத்தில் இந்தப் பாடசாலைக்கு வரக்கூடும். அதிபர் அவர்களே, இடம் வைத்திருங்கள்.